சாமி வந்த புதிதில்

1674ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், மழைக்காலத்தில், ஓர் இளைஞர் கேரளப் பக்கமிருந்து மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நடந்து வந்தார். வயது 27. லிஸ்பன் நகரத்துப் பிரபு குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். அப்பா பிரேசிலில் போர்ச்சுக்கல் அரசின் ஆளுநராக இருந்தவர். அந்தப் பிள்ளை காவித் துணி உடுத்தி, தலைப்பாகை கட்டி, கையில் ஒரு தடியோடு கொளை என்ற மிஷன் தலத்தில் வந்து சேர்ந்தார். கூட வந்தவர் ஆந்திரே ஃபிரெயிரே என்ற மூத்த குரு.

அந்த இளைஞரின் பெயர் ஜான் டி பிரிட்டோ. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அருளானந்தர் என்றால்தான் தெரியும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் பாம்பாற்றங்கரையில் ஓரியூர் வருகிறது. 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்ட இடம் அது. அங்கே மண் சிவப்பாக இருக்கும். அவர் ரத்தம் விழுந்து சிவந்த மண் என்று மக்கள் நம்பி, ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு போகிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை, எல்லோரும்தான்.

ஓரியூர் முடிவைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த முடிவைவிட அவர் வந்த புதிதில் கழிந்த நாட்கள்மீதுதான் ரொம்ப நாளாக மனசு. ஊர் தெரியாத, பேச்சு வராத, சாப்பாடு ஒத்துக்கொள்ளாத முதல் சில வாரங்கள். ஒரு மனுஷன் ஓர் ஊருக்கு ஆவானா மாட்டானா என்பது பெரும்பாலும் அந்த நாட்களிலேயே தெரிந்துவிடுகிறது.

நான் கிறிஸ்தவன் இல்லை. பிள்ளையார்பட்டிக்குப் போகிறவன், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டத்தில் பிறந்தவன். இருந்தாலும் இந்த விஷயம் என்னை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இளம் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பி வைத்த ஊர் எங்கள் ஊர். செட்டிநாட்டின் ஒவ்வொரு வளவிலும் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுவிக்கப் போன ஒருவர் இருந்திருப்பார். மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாக ஆனவர்கள். கல்யாணம் முடிந்த கையோடு ஆச்சியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள். ஒரு கணக்கு என்றால் பொதுவாக மூன்று வருஷம். அது முடிந்தால்தான் ஊர் முகம்.

ஆனால் எங்கள் பையன் ரங்கூனிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ இறங்கும்போது அவனுக்கென்று, நம் ஆட்கள் தங்கித் தொழில் நடத்தும் ஒரு கிட்டங்கி காத்திருந்தது. அங்கே நம் சமையல், நம் பேச்சு, நம் பேரேடு. பக்கத்திலேயே தண்டாயுதபாணி கோயில். என் அப்பச்சி தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, "ஐயா கப்பலை விட்டு இறங்குனப்ப அவுகளுக்கு இலை போட்டுக் காத்துக்கிட்டு இருந்தாகளாம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். வெளிநாட்டில் முதல் சாப்பாட்டுக்கு இலை போட ஆள் இருப்பது சின்ன விஷயமா? அந்த இலைதான் எங்கள் ஆட்களைக் கரை சேர்த்தது என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டோவுக்கும் இலை போட ஆள் இருந்தது. இதை நம் சரித்திரப் புத்தகங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

அவர் வருவதற்கு 68 வருஷம் முன்பே, 1606இல், ராபர்ட் டி நோபிலி என்ற குரு மதுரைக்கு வந்து இறங்கியிருந்தார். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, கள்ளும் மாட்டிறைச்சியும் புழங்குகிற பரங்கியாக வந்தால் மதுரை வீதியில் ஒருவர்கூட நின்று பேசமாட்டார் என்று அவருக்குப் புரிந்தது. சந்நியாசி கோலம் பூண்டார், மரக்கறிக்கு மாறினார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். அதில் ஒரு சிக்கல் வந்தது. மேல்சாதியாரோடு பழகுகிற சந்நியாசி மற்றவர்கள் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை. அதற்காகத்தான் 1640 வாக்கில் பல்தசார் டா கோஸ்டா என்ற குரு பண்டாரச் சாமி கோலத்தைத் தொடங்கி வைத்தார். பண்டாரம் என்றால் எல்லாச் சாதியாரிடமும் போகலாம், வரலாம். சாதிச் சுவரை இவர்கள் இடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சுவரில் இருந்த வாசலைத் தேடிப் போனார்கள், அவ்வளவுதான். அதன் விலையை அந்தச் சபைகள் இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த டா கோஸ்டாதான் லிஸ்பனுக்குத் திரும்பிப் போய் ஆள் சேர்த்தவர். 1673 மார்ச் 25 அன்று பிரிட்டோவும் மற்ற இளைஞர்களும் அவரோடு கப்பல் ஏறினார்கள். பிரிட்டோவின் அம்மா மகனைத் தடுக்க எங்கெங்கோ முறையிட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கப்பலில் காய்ச்சல் பரவியது. அழைத்து வந்த டா கோஸ்டாவே நடுக்கடலில் இறந்துபோனார். தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க இருந்த ஒரே ஆளைக் கடலில் விட்டுவிட்டு, செப்டம்பரில் அந்த இளைஞர்கள் கோவாவில் இறங்கினார்கள்.

கோவாவில் பேராசிரியராக உட்கார வைக்கப் பார்த்தார்கள். பிரிட்டோ சம்மதிக்கவில்லை. கேரளத்தில் அம்பழக்காட்டுக்கு வந்தார். மதுரை மிஷனுக்கு வருகிறவர்கள் ஆயத்தமாகிற இடம் அது. அங்கேதான் உடை மாறியது, சாப்பாடு மாறியது, தமிழ் தொடங்கியது. பிறகு மலை, மழை, நடை, கொளை.

கொளையில் அவரை எதிர்கொண்டவர்கள் யார்? மிஷன் முழுவதற்கும் குருக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். வேலையைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். சாமி ஓர் ஊருக்கு வருவதற்கு முன்னால் உபதேசியார் போய்விடுவார். எந்த வீட்டில் தங்குவது, அந்தப் பாளையக்காரர் எப்படிப்பட்டவர், யாருக்கும் யாருக்கும் பகை, எந்தப் பாதையில் இப்போது படை நிற்கிறது என்பதெல்லாம் அவர்தான் சொல்லவேண்டும். மதுரை நாயக்கர், தஞ்சை, செஞ்சி, மறவர் சீமை என்று எங்கும் சண்டை நடந்த காலம். சாமி தப்பும் தவறுமாகப் பேசுகிற தமிழை ஊரார்க்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதும் அவர்தான். எப்படி உட்கார வேண்டும், எந்தக் கையால் வாங்க வேண்டும், யார் வீட்டு வாசலில் நிற்கக்கூடாது என்று ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். அரண்மனையில் வளர்ந்தவன் பனையோலைக் குடிசையில் பாய் விரித்துப் படுத்து, ஒரு வேளைச் சோற்றில் நாளை ஓட்டக் கற்றுக்கொண்டது தனியாகவா?

12 வருஷம் கழித்து 1686இல் மறவர் சீமையில் பிரிட்டோவைப் பிடித்தார்கள். காளையார்கோவிலுக்கு இழுத்து வந்து அடித்தார்கள், தண்ணீரில் முக்கினார்கள். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லாத காளையார்கோவில். அப்போது சிவகங்கைச் சீமை என்று தனியாகக் கிடையாது, எல்லாம் சேதுபதி ஆட்சி. அந்த அடியை அவர் தனியாக வாங்கவில்லை. உபதேசியார்களும் சேர்ந்து வாங்கினார்கள். கடைசியில் கிழவன் சேதுபதி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள், சேதுபதி விடுதலை செய்து அனுப்பிவிட்டார். ஐரோப்பாவுக்குப் போன பிரிட்டோவுக்கு அங்கேயே இருந்துவிட எல்லா வசதியும் இருந்தது. 1690இல் திரும்பி வந்துவிட்டார். 1947 ஜூன் 22 அன்று ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். கூட அடிபட்டவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இலை போட ஆளில்லாமல் வந்தவர் கதை வேறு. 1706 ஜூலை 9, தரங்கம்பாடி. பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ என்று இரண்டு ஜெர்மானிய மிஷனரி இளைஞர்கள் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு மறுநாள் 24ஆவது பிறந்தநாள். அரசரின் கடிதம் கையில் இருந்தது. அரசர் ஐரோப்பாவில் இருந்தார், கோட்டையில் இருந்தது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. டேனிஷ் ஆளுநர் ஹாசியஸ் அவர்களை வெயிலில் மணிக்கணக்கில் காக்க வைத்து, வந்து பார்த்து, எதற்கு வந்தீர்கள் என்கிற மாதிரிப் பேசிவிட்டுப் போய்விட்டார். தங்க இடம் கிடையாது. நடுத்தெருவில் மூட்டையோடு நின்றார்கள். ஒருவர் இரக்கப்பட்டு இடம் கொடுத்தார். வேலையைக் கெடுக்க வந்தவர்கள் என்று கம்பெனிக்காரர்கள் முதல் நாளே முடிவு கட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தில் சீகன்பால்க் செய்த ஒரு காரியத்துக்காக அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தேடிப் பிடித்தார். எழுபது வயதுப் பெரியவர். பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ எழுதினார். பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் எபிரேயமும் படித்தவர், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில். ஆனால் வாத்தியாருக்கு ஐரோப்பிய பாஷை தெரியாது. எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பிறகு அழகப்பன் என்ற துபாஷியைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். அவருக்குப் போர்ச்சுக்கீசியம், டேனிஷ், ஜெர்மன் எல்லாம் ஓரளவு தெரியும். நாள் முழுக்கக் கேள்வி கேட்டு, ஓலைச்சுவடிகளை வாங்கிப் படித்து, படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தார்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. 1707 ஆகஸ்டில் அவர்கள் கட்டிய சின்னக் கோயிலைத் திறந்தபோது தமிழில் பிரசங்கம் நடந்தது. 1708இல் தன்னிடம் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் எழுதினார். நம் நூல்களுக்கு ஐரோப்பியர் ஒருவர் அப்படி முயன்று பட்டியல் போட்டதில் முந்தியது அது. அதே வருஷக் கடைசியில் ஆளுநர் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். வெளியே வந்து மறுபடியும் தமிழையே பிடித்தார். 1712இல் அச்சுக்கூடம் வந்தது, சில வருஷத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. 1719இல் 36 வயதில் இறந்துபோனார்.

நம் பாடப்புத்தகத்தில் சீகன்பால்க் பெயர் இருக்கிறது. மணலில் விரல் பிடித்து எழுத வைத்த வாத்தியார் எங்கே? அந்தப் பெரியவர் "பரங்கிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கமாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். ஊரார் ஏசியிருப்பார்கள். இருந்தும் தன் திண்ணையைத் தூக்கிக்கொண்டு போனாரே, அவரை வைத்துத்தான் அந்த அச்சுக்கூடம் வரைக்கும் எல்லாமே.

முதல் வாரங்கள் எல்லோருக்கும் இப்படி நல்லபடியாகத் திரும்பியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டோ சேர்ந்திருந்த ஏசு சபை கலைக்கப்பட்டு மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 1830களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மிஷனுக்கு வந்தார்கள். காலராவும் வெயிலும் அவர்களில் பலரை முதல் பத்து வருஷத்துக்குள்ளேயே இளவயதில் கொண்டுபோய்விட்டன. 1895இல் வந்த மிஷனரி எமி கார்மைக்கேலுக்கும் 27 வயதுதான். வந்து இறங்கும்போதே டெங்குக் காய்ச்சல். பெங்களூரில் படுக்கையில் கிடந்து எழுந்துதான் தமிழ் எழுத்தைக் கையில் எடுத்தார்.

இப்போது கதை திசை மாறியிருக்கிறது. அன்று அங்கிருந்து இங்கே வந்தார்கள். இன்று இங்கிருந்து அங்கே போகிறார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குருக்களும் கன்னியர்களும் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் குருமடத்தில் சேர ஆள் குறைந்துவிட்டது, அதனால் இங்கிருந்து அழைக்கிறார்கள்.

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். குருப்பட்டம் வாங்கிச் சில வருஷம் இங்கே வேலை பார்த்துவிட்டு ஜெர்மனியில் ஒரு கிராமத்துப் பங்குக்குப் போயிருக்கிறான். போன புதிதில் வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்புவான். ராத்திரி பேசியிருப்பான், குரலிலேயே தெரியும். "அண்ணே, இங்க எல்லாம் நல்ல ஆளுகதான். ஆனா ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் சும்மா போறது கிடையாதுண்ணே. சாயங்காலமானா தெருவுல ஒரு குஞ்சு இல்ல. நம்ம ஊர்ல சாமி வந்துருக்காருன்னா வாசல்ல பத்து பேரு நிப்பாக. இங்க நானா போய்க் கதவைத் தட்டக் கூச்சமா இருக்கு" என்றான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மூன்று நான்கு ஊர்க் கோயில்களுக்கு ஒரே குரு. பனியில் கார் ஓட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டும். மொழித் தேர்வில் தேறித்தான் போனான். ஆனாலும் வகுப்பில் படித்த ஜெர்மன் வேறு, அந்த ஊர்க் கிழவர்கள் பேசுகிற ஜெர்மன் வேறு.

அவனுக்கு இலை போட்டது யார் தெரியுமா? அந்தக் கோயிலில் கோயில்பிள்ளை வேலை பார்க்கிற ஒரு பாட்டி. பூசைக்கு முன்னால் அவனை உட்கார வைத்து அன்றைய நற்செய்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாராம். தப்பு வந்தால் விரலைத் தூக்குவாராம். அவன் திருத்தி வாசிக்கும்வரை விடுவதில்லை. "எங்க அப்பத்தா மாதிரிண்ணே, கோவமும் அப்படியே" என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் முதல்முறையாகத் தெளிந்தது. தரங்கம்பாடித் திண்ணையில் நடந்ததுதான் இது. முந்நூறு வருஷம் கழித்து அந்தப் பக்கத்தில் நடக்கிறது.

மதம் மாற்ற வந்தவர்களைப் பற்றி இவ்வளவு அன்பாக எழுதுகிறாயே என்று என் நண்பர்கள் சிலர் கேட்பார்கள். அந்த விவாதம் இருக்கிறது, இருக்கட்டும். நோபிலியின் முறையைப் பற்றி ரோமிலேயே வருஷக்கணக்காகச் சண்டை நடந்திருக்கிறது. சீகன்பால்க் நம் வழிபாட்டை எழுதிய விதத்தில் எனக்கு ஒப்பாத பக்கங்கள் நிறைய. அதற்காக, 24 வயதில் யாரும் கூப்பிடாத ஊருக்கு வந்து தரையில் உட்கார்ந்து பாடம் கேட்ட ஒருவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவருக்குப் பாடம் சொன்ன நம் ஆட்களின் பெரிய மனசையும் மறைக்கமாட்டேன். சொல்லப்போனால் இந்தச் சீமையின் குணமே அப்படித்தான். சருகணிக் கிறிஸ்தவக் கோயிலுக்கு மருது சகோதரர்கள் தேர் செய்து கொடுத்தார்கள் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற செய்தி. பக்கத்து வீட்டுச் சாமிக்கும் தேர் ஓடட்டும் என்று நினைத்த ஊர் இது.

சருகணியில்தான் லூயி மரி லெவே அடிகளாரின் கல்லறையும் இருக்கிறது. 1884இல் பிரான்சில் பிரித்தானிப் பகுதியில் பிறந்தவர். 1908இல், 24 வயதில், மதுரை மிஷனுக்கு வந்தார். அப்போது காரைக்குடிக்கு ரயில்கூட வரவில்லை. இந்த வறண்ட சீமையில், ஆண்டாவூரணி, ராமநாதபுரம், சருகணி என்று ஆயுசு முழுவதையும் கழித்தார். பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலையும் கஞ்சியும் கிடைக்கும்படி கண்மாய், ஊருணி வெட்ட வைத்தார் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1973 மார்ச் 21 அன்று சருகணியிலேயே இறந்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தும் முயற்சியைச் சிவகங்கை மறைமாவட்டம் நடத்தி வருகிறது.

பிரிட்டோவுக்குச் சோறு போட்டவர்களிடம் இனி நாம் கேட்க முடியாது. சீகன்பால்குக்கு எழுத்துச் சொன்ன வாத்தியாரிடமும் முடியாது. லெவே சாமியாரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தவர்கள், அவர் வாயிலிருந்து தமிழ் எப்படி வந்தது என்று கேட்டவர்கள், அவர் வந்த புதிதில் உபதேசியாராக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். எல்லோருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தேவகோட்டை, சருகணி, ஆண்டாவூரணி, திருவாடானைப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். சாமியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சாமிக்குச் சமைத்தது யார், தமிழ் திருத்தியது யார், ஊர் ஊராகக் கூட நடந்தது யார் என்று பெயரோடு கேட்டு எழுதி வையுங்கள்.